பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறதா? அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் முறை

கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்ட இரவில் வயிறு உப்பி உறக்கம் கெட்ட பலர், அதன்பின் கடலையையே வீட்டிற்குள் விடுவதில்லை. புரதமும் நார்ச்சத்தும் இரும்பும் ஃபோலேட்டும் கட்டுப்படியான விலையில் கிடைக்கும் ஓர் உணவை இப்படி முழுவதுமாக விலக்கிவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பெரும்பாலான வீடுகளில் ஊறவைப்பது, வடிப்பது, வேகவைப்பது, பரிமாறும் அளவு ஆகியவற்றுள் ஏதோ ஒரு படிதான் தவறியிருக்கும். எந்தப் படி தவறியது என்பதை வயிறு காட்டும் அறிகுறியையும், அதைவிட முக்கியமாக அது தோன்றிய நேரத்தையும் வைத்துப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் காரணத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்னும் சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைப்பதற்கு ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்னும் நொதி வேண்டும். மனிதரின் சிறுகுடல் அந்த நொதியைச் சுரப்பதில்லை. ஆகவே அந்தச் சர்க்கரைகள் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குச் செல்கின்றன. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையக்கூடியவை. ஆனால் வீட்டு அடுப்பின் சூட்டில் அவ்வளவாக அழியாதவை. "நன்றாகக் குழைய வேகவைத்தால் வாயு வராது" என்ற நம்பிக்கை பாதி அளவே சரியாவது இதனால்தான். வேகவைப்பதால் மாவுச்சத்தும் புரதமும் எளிதில் செரிக்கும். சர்க்கரையோ வேகவைத்த தண்ணீருக்குள் இறங்கி, அந்தத் தண்ணீரைக் குழம்பில் சேர்த்தால் மறுபடியும் நம் வயிற்றுக்கே வந்துவிடும்.

சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வயிறு உப்புகிறது, வாயு பிரிகிறது, பெரிய வலி இல்லை

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட கடலைக்கு மாலையிலோ இரவிலோ வயிறு இரைந்தால், அது மேலே சொன்ன சர்க்கரைகளின் வேலைதான். உணவு பெருங்குடலை எட்டுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். இங்கே பார்க்க வேண்டிய படி ஊறவைத்தலும் வடித்தலும் ஆகும்.

ஒரு கோப்பைக் கடலைக்கு நான்கு கோப்பைத் தண்ணீருக்குக் குறையாமல் விட்டு, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். பயறு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுவது பலர் செய்யும் பிழை. கடலை ஊறி ஏறத்தாழ இரு மடங்கு எடையாகும்போது அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும், கரைந்து வெளியேற வேண்டிய சர்க்கரைக்குப் போக்கிடம் இருக்காது. இடையில் ஒரு முறை தண்ணீரை மாற்றினால் இன்னும் நல்லது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலையை இரண்டு முறை அலசிப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வயிறு மிகவும் எளிதில் உப்புகிறவர்கள், வெந்த தண்ணீரையும் வடித்துவிட்டுக் கடலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்யும்போது தண்ணீரில் கரையும் ஃபோலேட் போன்ற சத்துகளும் ஓரளவு போய்விடும் என்பதை மறைப்பதற்கில்லை. வாயுத் தொல்லை இல்லாதவர்கள் வெந்த தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை. தொல்லை உள்ளவர்களுக்கு, சத்து சிறிது குறைந்தாலும் பயற்றைத் தொடர்ந்து சாப்பிட முடிவதே பெரிது என்பது என் கருத்து.

ஊறியதா என்பதை நேரத்தை வைத்து முடிவு செய்யாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு கடலையையோ ராஜ்மாவையோ எடுத்துக் கத்தியால் குறுக்கே இரண்டாக நறுக்குங்கள். வெட்டிய பரப்பு ஓரத்திலிருந்து நடு வரை ஒரே நிறமாக, ஈரம் பரவி இருந்தால் ஊறல் முடிந்தது. நடுவில் வெளிறிய ஒரு வட்டம், நகத்தால் கீறினால் மாவாக உதிரும்படி உலர்ந்து தெரிந்தால், இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் தேவை. அந்த வட்டத்தோடு குக்கரில் போடும் கடலைதான் வெளியே குழைந்தும் உள்ளே நறுக்கென்றும் நிற்கும்.

இரவே ஊறப்போட மறந்துவிட்டால், தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் கடலையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு மணி நேரம் மூடி வைத்துப் பின் வடித்துவிடுங்கள். சூடான தண்ணீரில் சர்க்கரை விரைவாக வெளியேறுவதால், இது அவசரத்துக்குச் செய்யும் குறுக்கு வழியாக மட்டும் இல்லாமல், வாயுவைக் குறைப்பதிலும் நல்ல பலன் தரும் முறையாக இருக்கிறது.

முளைகட்டுவது இன்னொரு வழி. முளைக்கத் தொடங்கும் விதை, நம்மிடம் இல்லாத அதே நொதியைத் தானே உருவாக்கிக்கொண்டு, வளர்ச்சிக்காக அந்தச் சர்க்கரைகளைச் செலவழிக்கிறது. பச்சைப்பயறு, கொள்ளு, காராமணி ஆகியவற்றை ஊறவைத்து வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை வைத்தால் போதும். வால் நீளமாக வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முளைவிடும் ஈரச் சூட்டில் கிருமிகளும் பெருகும் என்பதால், முளைப்பயறு பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

தோல் நீக்குவது பற்றியும் கேட்பார்கள். மொச்சையை ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு வந்து விழும். பிதுக்கம்பருப்பு செய்வது அப்படித்தான். தோலில் இருப்பது பெரும்பாலும் நார். வாயு தரும் சர்க்கரை பருப்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் தோல் போனபின் பருப்பை மீண்டும் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வடித்தால் சர்க்கரை தடையில்லாமல் வெளியேறும். வேலை அதிகம்தான்; வயதானவர்களுக்காக நான் செய்வதுண்டு. மொச்சையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: காய்ந்த மொச்சையை வேகவைத்த முதல் தண்ணீரை வடித்துக் கொட்டும் பழைய வழக்கத்தை விடாதீர்கள், அதில் வெளியேற வேண்டிய கசப்பான நச்சுப் பொருள்களும் உண்டு.

எத்தனை விசில் விட்டாலும் உள்ளே நறுக்கென்று இருக்கிறது. சாப்பிட்டால் வயிறு கனக்கிறது

சரியாக வேகாத பயற்றின் மாவுச்சத்து சிறுகுடலில் முழுமையாகச் செரிக்காமல், அதுவும் பெருங்குடலுக்குப் போய்ச் சர்க்கரையோடு சேர்ந்து நொதிக்கிறது. ஆகவே வாயுவைக் குறைக்க நினைப்பவர் வேகாமைக்கான காரணத்தையும் நீக்க வேண்டும். காரணங்கள் மூன்று, நான்குதான். ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கலாம்.

முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மிகுந்திருந்தால், அவை பயற்றின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு பிணைந்து அதை மேலும் இறுக்கிவிடுகின்றன. எங்கள் வீட்டில் பல மாதங்கள் கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அதே பையிலிருந்து ஒரு கைப்பிடிக் கடலையைப் போர் தண்ணீரிலும் மற்றொரு கைப்பிடியைக் கேன் தண்ணீரிலும் ஊறவைத்துத் தனித்தனியாக வேகவைத்துப் பார்த்தபோது, முன்னது விரலுக்கு அடங்காமல் வழுக்கியது, பின்னது தொட்டதும் மசிந்தது. கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு படியும் வீடுகளில், ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். அலசுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும்.

அடுத்து புளியும் தக்காளியும். புளிப்பு பெக்டினைக் கரையவிடாது. புளிக்கரைசலிலோ தக்காளி விழுதிலோ பயற்றை வேகவைக்காமல், பயறு மசியும் பதத்துக்கு வந்தபின்பே அவற்றைச் சேர்க்க வேண்டும். உப்பைப் பற்றிய பயம் மட்டும் தேவையற்றது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி உப்புப் போட்டு ஊறவைத்து, பின் வடித்து அலசினால் தோல் இன்னும் மென்மையாகிறது. உப்புப் போட்டால் கடலை வேகாது என்று சொல்லிவருவது சரியல்ல.

மூன்றாவது காரணம் பயற்றின் வயது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு வேகவைத்தாலும் மென்மையாகாத நிலைக்குப் போய்விடுகிறது. நம் ஊர் வெயிலில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கும் டப்பா அதற்கு ஏற்ற இடம். வாங்கிய மாதத்தை டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள், பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். கலந்துவிட்டால் பாதி குழையும், பாதி கல்லாக நிற்கும்.

சமையல் சோடா இவை எல்லாவற்றுக்கும் எளிய மருந்து போலத் தோன்றும். அது பெக்டினைக் கரைத்து விரைவில் மசியவைக்கும், ஊறும் தண்ணீரில் சேர்த்தால் சர்க்கரை வெளியேறவும் உதவும் என்பது உண்மை. அதே சமயம் அது தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கிறது. கை தாராளமானால் சோப்பு வாடையும் வந்துவிடும். பழைய கடலையோ கடின நீரோ தவிர்க்க முடியாத நாளில், ஒரு கோப்பைப் பயற்றுக்குக் கால் தேக்கரண்டி அளவில் ஊறும் தண்ணீரில் மட்டும் சேர்த்து, நன்றாக அலசிவிட்டு வேகவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குக்கரின் விசில் எண்ணிக்கையைக் கணக்காக வைத்துக்கொள்வதையும் விட்டுவிடலாம். அடுப்பின் வேகத்துக்கு ஏற்ப விசில் மாறும். நன்றாக ஊறிய கொண்டைக்கடலைக்கு முதல் விசில் வந்தபின் சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை பொறுமை. ஒரு கடலையை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்தினால் பல் படாமலே மசிய வேண்டும்.

ஊறும்போதே நுரைத்து, புளித்த வாடை வருகிறது

சித்திரை, வைகாசியில் அறைச் சூட்டில் பத்து மணி நேரம் ஊறிய பயறு நொதிக்கத் தொடங்கிவிடும். இலேசான நுரை மட்டும் இருந்தால் அலசிவிட்டு உடனே வேகவைக்கலாம். கையில் வழவழப்பும் மூக்கில் துர்நாற்றமும் தெரிந்தால் எறிந்துவிடுங்கள். கோடையில் குளிர்பதனப் பெட்டிக்குள் ஊறவைப்பதே பாதுகாப்பு. அதற்கு நான்கைந்து மணி நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

ராஜ்மா சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, பின் வயிற்றுப்போக்கு

இதை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் லெக்டின் வகை நச்சு இருக்கிறது. நான்கைந்து பச்சை மணிகளே ஒருவரை நோயுறச் செய்யப் போதும். முழுக் கொதிநிலையில் அது அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மட்டும் சூடாகும் பாத்திரத்தில் அது அழியாததோடு, பச்சை ராஜ்மாவைவிடவும் கேடு கூடலாம். மின்சார ஸ்லோ குக்கரில் ராஜ்மாவை நேரடியாகப் போடுவது இதனால்தான் ஆபத்து. வெளிநாடுகளில் வேலைக்குப் போய் அந்தப் பாத்திரத்தை வாங்கிவைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாதுகாப்புக்காக 30 நிமிடம் என்று சொல்கிறது. பிரஷர் குக்கரில் மசியும்வரை வெந்த ராஜ்மாவைப் பற்றி அச்சம் வேண்டாம். வாந்தி தொடங்கிவிட்டால் உடலில் நீர் குறையாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடையும் பருப்பு வடையும் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, இட்லி ஒத்துக்கொள்கிறது

அடைக்கு ஊறவைத்த பருப்பை, ஊறிய தண்ணீரையே விட்டு அரைப்பது பல வீடுகளில் வழக்கம். கரைந்து வெளியேறிய சர்க்கரை அத்தனையும் மாவுக்குள் திரும்பிவிடுகிறது. கல்லில் சில நிமிடமே வேகும் தடித்த அடையின் நடுப்பகுதி சரியாக வேகாமலும் போகிறது. தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லியதாக வார்த்து, மூடிபோட்டுச் சிறுதீயில் இருபுறமும் வேகவையுங்கள். கடலைப்பருப்பின் அளவைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டினாலும் வேறுபாடு தெரியும். இட்லி மாவில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தின் சர்க்கரைகளில் ஒரு பகுதியை நமக்கு முன்னதாகவே உண்டுவிடுவதால், அது வயிற்றுக்கு இலகுவாக இருக்கிறது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் வாயு குறையவில்லை

தட்டில் பயற்றோடு வேறு என்ன இருந்தது என்று பாருங்கள். கடலைக் குழம்பில் ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் இருந்திருந்தால், அவற்றிலுள்ள ஃபிரக்டான் என்னும் பொருளும் அதே பெருங்குடலில் அதே போல நொதிக்கும். வாயுவுக்குப் பூண்டு மருந்து என்று எல்லோரும் நம்புவதால், சிலருக்குப் பூண்டே வாயுவின் ஊற்று என்பது கடைசிவரை கண்ணில் படுவதில்லை. பால் செரிக்காதவர்கள் உணவுக்குப் பின் குடித்த பாலையோ பாயசத்தையோ மறந்துவிட்டுச் சுண்டலின் மேல் பழி போடுவதும் உண்டு. ஒரு வாரம் வெங்காயம், பூண்டு, பால் ஆகியவற்றைப் பயற்றோடு சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும்போது எது காரணம் என்பது தெரிந்துவிடும்.

பெருங்காயம், சீரகம், சுக்கு, ஓமம் ஆகியவை வாயு தரும் சர்க்கரையை அழிப்பதில்லை. வயிற்றின் இறுக்கம் தளர்ந்து சுகமாக உணர்வதாகப் பலரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுண்டலிலும் பெருங்காயம் இல்லாமல் தாளிப்பு இல்லை. ஆனால் ஊறவைத்து வடிப்பதற்கு ஈடாக அதை எண்ணக் கூடாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருப்பது வழக்கம். கோதுமை ஒவ்வாதவர்கள் உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். கொள்ளு ரசம் குடித்து வயிறு உப்புவோர், அது கொள்ளு வெந்த தண்ணீர் என்பதை நினைவில் வைத்து, ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அளவும் பழக்கமும்தான் பலருக்கு உண்மையான விடை. ஆண்டு முழுவதும் பயறு தொடாமல் இருந்துவிட்டு, நவராத்திரியில் ஒன்பது நாளும் வீடு வீடாகச் சுண்டல் சாப்பிட்டால் வயிறு திணறத்தான் செய்யும். இரண்டு மேசைக்கரண்டி வெந்த பயற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிறிது கூட்டுங்கள். போதிய தண்ணீரும் குடியுங்கள். முதலில் பாசிப்பருப்பு, பின் துவரையும் மைசூர்ப் பருப்பும், அதன்பின் காராமணி, கடைசியாகக் கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை என்ற வரிசை பெரும்பாலோருக்கு ஏற்றது. அமெரிக்காவில் தினமும் அரைக் கோப்பைப் பயறு கொடுத்து வாரக்கணக்கில் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 2011இல் வெளியாயின. முதல் வாரத்தில் வாயு கூடியதாகச் சொன்னவர்கள் பின்ட்டோ பீன்ஸ் என்னும் ராஜ்மா இனப் பயறு சாப்பிட்டவர்களில் பாதிக்கும் குறைவு, காராமணி சாப்பிட்டவர்களில் 19 சதவீதமே. வாரங்கள் செல்லச் செல்ல அந்தத் தொல்லையும் தணிந்தது. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புதிய உணவுக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கொடுங்கள்.

விருந்து, பயணம் போன்ற நாள்களில், மருந்துக் கடையில் கிடைக்கும் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் மாத்திரையை முதல் கவளத்தோடு எடுத்துக்கொள்ளலாம். உணவு முடிந்து வெகுநேரம் கழித்து எடுத்தால் பயன் இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அல்லது கை கழுவுவதற்குள் வயிறு உப்புகிறது

இவ்வளவு விரைவில் பயறு பெருங்குடலை எட்டியிருக்க முடியாது. அவசரமாக விழுங்கியதில் உள்ளே போன காற்று, சோடா பானம், அளவுக்கு மீறிய உணவு அல்லது முந்தைய வேளையில் சாப்பிட்டது என்று காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். மெதுவாக மென்று சாப்பிட்டுப் பார்ப்பதே முதல் சோதனை.

வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், வாரக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் இருந்தால் ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குச் சிறிதளவு பயறே வலியை உண்டாக்கலாம். அவர்களுக்கான அளவை உணவியல் வல்லுநர்தான் வகுத்துத் தர வேண்டும். போகும்போது, என்ன பயறு, எவ்வளவு நேரம் ஊறியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு வயிறு உப்பியது என்று இரண்டு வாரத்துக்கு எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தால், மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கும்.